நாலாவது ஆள்

இந்தப் பேனாவைத் தொடக் கூடாது. தொட்டால் எழுதிவிடுவேன். எழுதத் தொடங்கினால் அழகாகவும் எழுதிவிடுவேன், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல்.

சிவாஜினி இரண்டு கைகளையும் மேசைக்குக் கீழே மடியில் வைத்துக்கொண்டாள். தன்னைப் பற்றி அவளுக்குத் தெரியும். தாளையும் பேனாவையும் முன்னால் வைத்து, வயதில் மூத்த ஒருவர் எழுதச் சொன்னால் அவளுடைய கை அவளைக் கேட்காமலே எழுத ஆரம்பித்துவிடும். பதினைந்து வயதிலிருந்து, தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் எத்தனையோ பேருக்கு விண்ணப்பங்களும் முறையீடுகளும் எழுதிக் கொடுத்துப் பழகிய கை அது.

மேசையில் சாட்சிப் படிவம் வெறுமையாகக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் வேறொரு தாள். படிவத்தில் என்ன எழுத வேண்டும் என்பதை யாரோ பிரெஞ்சில் தட்டச்சுச் செய்து வைத்திருந்தார்கள். இப்படியான சாட்சியம், அதைச் சொல்பவரின் கையெழுத்திலேயே இருக்க வேண்டும் என்பதால், அவள் அதைப் பார்த்து எழுத வேண்டும்.

"என்ன பாத்துக்கொண்டிருக்கிறீர்? பதினொரு வரி. உமக்கு அஞ்சு நிமிச வேலை," என்றார் ஞானரட்ணம்.

அவர் அவளுடைய கணவன் கரிகாலனின் அண்ணன். அவள் அவரைப் பெரியத்தான் என்று அழைப்பாள். கார் நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால், மேம்பாலத்தில் மெத்ரோ ஓடும் சத்தம் கேட்கிற ஒரு சந்தில், இருபது வருடமாக அச்சகம் நடத்துகிறார். கல்யாண அட்டை, சாமத்தியவீட்டுப் பதாகை, கோயில் திருவிழா நோட்டீஸ் என எல்லாம் இங்கேதான் அடிபடும். லாச்சப்பல் சுவர்களில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிகளில் பாதி இந்த அறையிலிருந்து போனவை.

இன்றைக்கும் ஒன்று அடிபட்டுக்கொண்டிருந்தது. முப்பத்தோராம் நாள் நினைவு மலர். முன்பக்கத்தின் மாதிரிப் பிரதி, வெட்டும் இயந்திரத்தின் மேல் காய்ந்துகொண்டிருந்தது. அதில் வலன்ரைன் சிரித்துக்கொண்டிருந்தார். பாடசாலைச் சமையற்கூடத்தின் வெள்ளைச் சட்டையோடு எடுத்த படம். சட்டையை மட்டும் கணினியில் மாற்றி, கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுவிட்டிருந்தார்கள்.

"பன்ரண்டு மணிக்கு மரியநாயகி வருவா, இதைப் பாத்துச் சரியெண்டு சொல்ல. அதுக்கு முதல் முடியும்," என்றார் ஞானரட்ணம்.

மரியநாயகி, வலன்ரைனின் மனைவி. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது.

கரிகாலன் வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று, வெட்டி முடித்த அட்டைகளின் ஓரத்தைத் தட்டித் தட்டிச் சமப்படுத்திக்கொண்டிருந்தான். அவை ஏற்கெனவே சமமாகத்தான் இருந்தன. அவன் தன் சாட்சியத்தை முந்தநாளே எழுதிக் கொடுத்துவிட்டான். அவளுக்கு அதைக் காட்டவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவள் தாளை இன்னொரு தரம் வாசித்தாள். சரிவில் ஆபத்தின் அடையாளம் எதையும் நாங்கள் யாரும் காணவில்லை. வலன்ரைனிடம் தேடற்கருவி கொடுக்கப்பட்டது, அவர் பாரமாக இருக்கிறது என்று அணிய மறுத்தார். நாங்கள் நிற்கச் சொன்னபோது கேட்காமல் தானாகவே புறப்பட்டுப் போனார்.

நல்ல பிரெஞ்சு. சட்டம் தெரிந்தவரின் பிரெஞ்சு. மூன்று வசனத்துக்குள் ஒரு மனிதரை அடக்கம் செய்திருந்தது.

*

நான்கு கிழமைக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், இதே அறையில்தான் அது தொடங்கியது.

சிவாஜினி கிரெனோபிளில் உடற்சிகிச்சை படித்த காலத்தில், பல்கலைக்கழக மலைக் கழகத்தோடு சேர்ந்து ஆள் நடமாட்டமில்லாத மலைகளில் பனிச்சறுக்கப் பழகியவள். இழுத்துக்கொண்டு போகும் கம்பிவடமோ, ஒழுங்காக்கிய பாதையோ இல்லாத இடங்கள். சறுக்குப் பலகையின் அடியில் வழுக்காத தோலை ஒட்டிக்கொண்டு மேலே ஏறி, அதைக் கழற்றிவிட்டுக் கீழே இறங்க வேண்டும். அங்கே சறுக்கத் தெரிவதைவிடப் பனியை வாசிக்கத் தெரிய வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரு விருந்தில் அவள் இதைப் பற்றிச் சொல்லப்போக, ஞானரட்ணம் பிடித்துக்கொண்டார். இரண்டு மாரிக்குள் கழகம் ஒன்று பதிவாகியது. தலைவர், செயலாளர், கடிதத் தலைப்பு, ஆண்டு மலர் எல்லாம் வந்தன. சறுக்கவும் அவர் பழகித்தான் இருந்தார். கடதாசிக் கட்டுகள் தூக்கிய கால்களுக்கு மலை பெரிதாகத் தெரியவில்லை. அவர் பயந்தவர் அல்ல. வில்லங்கமே அதுதான்.

அந்த வருடத்து ஆண்டு மலரின் அட்டைக்குக் கணவாய் உச்சியில் கழகப் பதாகையோடு ஒரு படம் வேண்டும். தானும் தம்பியும் சிவாஜினியும் போவதாக முடிவு. சாமான்களைக் காரில் ஏற்றும்போதுதான் அவர் எண்ணிப் பார்த்தார்.

"மூண்டு பேராய்ப் போகக்கூடாது," என்றார்.

கரிகாலனுக்குப் பெண் பார்க்க சிவாஜினியின் வீட்டுக்கு வந்தபோதும் மூன்று பேர்தான். அப்போது காரின் முன்பெட்டிக்குள் ஒரு கல்லை வைத்து அதை நாலாவது ஆளாக்கிக்கொண்டு வந்தார்கள். அதை நினைத்துத்தான் அவள் சொன்னாள்: "ஒரு கல்லை எடுத்து வையுங்கோவன், பெரியத்தான்."

"மலைக்குப் போறதுக்குக் கல்லோ? அங்கை நிறையக் கிடக்கு. ஆள்தான் வேணும்."

மகளின் முதல் நற்கருணை அட்டைக்கு எழுத்துத் தெரிவு செய்ய லெ பிளாங்-மெனிலிலிருந்து வந்து, மேசையில் குனிந்து நின்றவர் வலன்ரைன். நாற்பத்துநாலு வயது. கழகத்தோடு இரண்டு தரம் பனிக்குப் போயிருக்கிறார், இரண்டு தரமும் ஒழுங்கான பாதையில்.

"வலன்ரைன், நாளைக்கு என்ன வேலை?"

"சனிக்கிழமை சமையல் இல்லை அண்ணை."

"அப்ப வாரும்."

காரணத்தைக் கேட்டதும் வலன்ரைன் வயிறு குலுங்கச் சிரித்தார். "உங்கடை சகுனத்தை உடைக்க மன்னாரிலை இருந்து ஒரு வேதக்காரன் வரவேண்டிக் கிடக்கு. சரி, கல்லுக்குப் பதிலா நான் வாறன். ஆனா கல்லு சாப்பிடாது, நான் சாப்பிடுவன்."

அவர் எல்லாருக்கும் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்தார்.

இரவு முழுக்கக் கார் ஓடி, விடிகிற நேரத்தில் மலையடிவாரக் கிராமத்தில் காரை நிறுத்திச் சாமான்களைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. கழகத்திடம் தேடற்கருவி மூன்றுதான் இருந்தது. பனிக்குள் புதைந்தவரின் நெஞ்சிலிருந்து மற்றவர்களின் கருவிக்குச் சமிக்ஞை அனுப்பும் சிறு பெட்டி. அது இல்லாதவர் புதைந்தால், கம்பியால் குத்திக் குத்தித்தான் தேட வேண்டும். வாடகைக்குக் கொடுக்கும் கடை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும்.

"அப்ப ஒம்பது மட்டும் நிப்பம்," என்றாள் சிவாஜினி.

"ஒம்பது மட்டும் நிண்டா வெளிச்சம் மாறிப்போம். அவர் எங்களுக்கு நடுவிலை வருவார். நடுவிலை வாறவருக்கு என்னத்துக்கு?"

அவளுடைய கை தன் நெஞ்சுப் பட்டிக்குப் போனது. கழற்றி வலன்ரைனிடம் கொடுத்துவிடலாம். கொக்கியில் விரல் பட்டும்விட்டது. அப்போது உள்ளே ஒரு குரல் கேட்டது. நான் ஏன்? தலைவர் அவர்தானே, அவர் கொடுக்கட்டும். கை கீழே இறங்கிவிட்டது. அந்தக் குரலின் முகத்தை இந்த நான்கு கிழமையாக அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அது அந்நியமான முகம் அல்ல.

*

இரண்டு நாள் அடித்த புயல் வெள்ளி இரவோடு ஓய்ந்திருந்தது. வானம் கழுவிவிட்ட மாதிரி நீலம். அப்படியான காலையில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள் என்று கிரெனோபிளில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். விழுந்த பனியைவிடக் காற்று சுமந்து வந்த பனிதான் மோசம்.

ஏறும்போது அவள் வாசித்துக்கொண்டே ஏறினாள். வடமேற்கிலிருந்து காற்று அடித்திருக்கிறது. எதிரே தெரிந்த முகட்டின் காற்றுப் பட்ட ஓரத்தில் சுரண்டி எடுத்தது போல் கல்லும் காய்ந்த புல்லும் வெளியே தெரிந்தன. இரண்டு நாள் விழுந்த பனி அங்கே இல்லை. அப்படியென்றால் எங்கே? முகட்டின் விளிம்பில் பனி கூரை இறப்பு மாதிரித் தங்கள் பக்கமாக வளைந்து தொங்கியது. அதற்குக் கீழே, காற்றுக்கு மறைவான சரிவு கொழுத்துப்போய், ஒரு சுருக்கம்கூட இல்லாமல், மெத்தை உறை போல இழுபட்டுக் கிடந்தது. கணவாய்க்குப் போகும் வழி அந்தச் சரிவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. ஊன்றுதடியைச் சாய்த்து அளந்து பார்த்தாள். முப்பத்தைந்து பாகைக்குக் குறையாது.

"இண்டைக்குப் பனிச்சரிவு அறிக்கையிலை ஆபத்து நிலை மூண்டு போட்டிருக்கு," என்று கைபேசியைக் காட்டினாள்.

"எத்தினைக்கு?"

"அஞ்சுக்கு."

"அஞ்சுக்கு மூண்டெண்டா அறுபது மார்க். பாஸ்தானே," என்றார் ஞானரட்ணம். கரிகாலன் சிரித்தான்.

"அப்பிடியில்லை பெரியத்தான். நாலிலையும் அஞ்சிலையும் பெரும்பாலும் ஒருத்தரும் ஏறமாட்டினம். மூண்டிலைதான் துணிஞ்சு ஏறிச் சாகிறது."

"பிள்ளை, நாங்கள் ஷெல்லடிக்கை சைக்கிள் ஓடினாக்கள். நீர் ஆறு வயசிலை பிளேனிலை வந்தனீர். எங்களுக்குப் பயம் படிப்பிக்காதையும்."

இந்தக் குடும்பத்தில் எந்தப் பேச்சும் கடைசியில் அந்த இடத்துக்கு வந்துதான் நிற்கும். மூன்று பேராகப் புறப்படப் பயந்து ஆள் தேடியவர், மூன்றாம் நிலை என்றால் சிரிக்கிறார் என்று நினைத்தாள். நினைத்ததோடு சரி.

சரிவின் ஓரத்துக்கு வந்தபோது பனியின் சத்தம் மாறியது. பலகைக்குக் கீழே வெறும் அலுமாரியைத் தட்டுவது போலக் கேட்டது. அடுத்த அடிக்கு அவளுடைய பலகை நுனியிலிருந்து ஒரு வெடிப்பு நாலைந்து மீற்றர் தூரத்துக்கு ஓடி நின்றது. எங்கோ அடியில் பனி "வும்" என்று அமர்ந்தது, பெரிய மிருகம் ஒன்று மூச்சை விட்டுப் படுத்த மாதிரி.

அவள் முதுகுப்பையிலிருந்து மண்வெட்டியை எடுத்துக் குழி வெட்டினாள். குழிச் சுவரில் ஒரு தூண் அளவுக்குப் பனியைத் தனியாகப் பிரித்து, அதன் தலையில் மண்வெட்டித் தகட்டை வைத்துக் கையால் தட்டினாள். முதலில் மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு. பிறகு முழங்கையிலிருந்து. பன்னிரண்டாவது தட்டில், தூணின் மேற்பாதி மேசை லாச்சி திறப்பது போல முன்னால் வழுக்கி வந்து அவளுடைய முழங்காலில் விழுந்தது.

வலன்ரைன் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தார். வழுக்கிய இடத்தில் இருந்த பனியை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்த்தார். அது ஒட்டாமல் மணிமணியாக உதிர்ந்தது.

"மேலை பிசைஞ்ச மா. கீழை வறுத்த றவ்வை," என்றார். "இது ரண்டும் ஒரு நாளும் ஒட்டாது தங்கச்சி."

பன்னிரண்டு வருடம் சமைத்த மனிதர். அவள் மூன்று மாரி படித்ததை ஒரு பிடியில் சொல்லிவிட்டார்.

"நீர் வெட்டி விழுத்தினா விழும்தானே," என்றார் ஞானரட்ணம் மேலேயிருந்து. "வெட்டாம விட்டா அது தன்ரை பாட்டிலை கிடக்கும்."

"நான் வரேல்லை பெரியத்தான்."

"என்ன?"

"இந்தச் சரிவிலை நான் வரேல்லை. நீங்களும் போகாதேங்கோ."

அவர் தம்பியைப் பார்த்துச் சொன்னார்: "உன்ரை மனிசி இஞ்சை இருந்து பனிக்கு நாடி பிடிக்கட்டும். நாங்கள் படத்தை எடுத்துக்கொண்டு வருவம்."

கரிகாலன் அவளைப் பார்த்தான். ஒரு சொல் அவன் வாய் வரை வந்ததை அவள் கண்டாள். அவன் குனிந்து சப்பாத்துப் பட்டியை இறுக்கினான்.

"போறதெண்டா ஒராள் போய்ச் சேர்ந்தாப்பிறகு மற்றாள் போங்கோ," என்றாள். அதை மட்டும் கேட்டார்கள்.

ஞானரட்ணம் போய்ச் சேர்ந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கரிகாலன் போய்ச் சேர்ந்தான். ஒன்றும் நடக்கவில்லை. கணவாயில் இரண்டு சிறிய உருவங்கள் கையை ஆட்டின. ஞானரட்ணத்தின் சிரிப்புச் சத்தம் குளிர்காற்றில் தெளிவாக வந்து விழுந்தது. அவளுக்குக் காது சுட்டது.

பதாகை வலன்ரைனின் முதுகுப்பையில் இருந்தது. அவர் போகவில்லை. சரிவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, நீர் சொல்லும். போகலாமோ?"

போகாதேங்கோ என்ற சொல் நாக்கில்தான் இருந்தது. ஏற்கெனவே சொன்ன சொல். சொல்லிச் சிரிப்பு வாங்கிய சொல். இரண்டாம் தரம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. எல்லார் மேலும் இருந்த ஆத்திரத்தை, அதில் ஒரு பங்கும் இல்லாத அந்த மனிதரிடம் மரியாதையாக எடுத்துக் கொடுத்தாள்.

"உங்கடை விருப்பம் அண்ணை."

அவர் இன்னும் கொஞ்சம் நின்றார். பிறகு கையுறையோடு சிலுவை போட்டுக்கொண்டு சரிவுக்குள் இறங்கினார்.

நடுச்சரிவுக்கு அவர் போனபோது, அவருக்கு மேலே ஒரு கோடு விழுந்தது. துணியில் கத்தரிக்கோல் ஓடுவது போல, முகட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. சரிவு முழுவதும் ஒரே பலகையாக அசைந்து, பிறகுதான் உடைந்தது. அந்த ஒரு கணத்தில், அலறுவதற்கு முன்னால், சிவாஜினியின் மனம் கணவாயில் நின்றவரைப் பார்த்துச் சொன்னது: இப்ப தெரியுதோ?

பிறகுதான் அலறினாள்.

மூன்று கருவிகளும் ஒன்றையொன்று மட்டும் கண்டுபிடித்துக் கூவிக்கொண்டிருந்தன. கம்பியால் குத்தினார்கள். ஞானரட்ணம் மண்வெட்டியை எறிந்துவிட்டு வெறுங்கையால் தோண்டினார், நகம் பிய்ந்து பனி சிவக்கச் சிவக்க. ஐம்பது நிமிடத்துக்குப் பிறகு, ஹெலிகொப்டரில் வந்த மீட்புப் படையின் நாய்தான் இடத்தைக் காட்டியது. ஆளைவிட முதலில் வெளியே வந்தது பதாகை.

*

"எழுதும்," என்றார் ஞானரட்ணம்.

அவருடைய விரல் நுனிகளில் நகம் இன்னும் சரியாக வளரவில்லை. சிவாஜினி அவற்றைப் பார்த்தாள். இவரும் நித்திரை கொள்ளவில்லை என்று தெரிந்தது. அது தெரிந்தும் இரக்கம் வராததைக் கவனித்தாள்.

"அவர் மறுக்கேல்லை, பெரியத்தான். கருவி இருந்ததே மூண்டுதான்."

"அது உமக்கும் எனக்கும் தெரியும். இப்ப ஜொந்தாம் பொலிசுக்கு என்ன தெரியும்? ஒண்டும் தெரியாது. அண்டைக்கு நீர் அழுததைத் தவிர வேறை என்ன சொன்னனீர்? அடுத்த கிழமை திரும்பக் கூப்பிடுவாங்கள். அதுக்கு முதல் மூண்டு பேற்றை கதையும் ஒண்டா இருக்கவேணும் எண்டு கேசைப் பாக்கிற அவொக்கா சொல்லுறார். உம்மடை எழுத்துக்குத்தான் பெறுமதி. நீர் படிச்சனீர், மலை தெரிஞ்சனீர்."

"அண்டைக்குத் தெரியாதவள். இண்டைக்குத் தெரிஞ்சவளோ?"

கரிகாலன் அட்டைகளைத் தட்டுவதை நிறுத்தினான். "சிவா, இப்ப இது வேணுமோ? அண்ணையை மறியலுக்குப் போடச் சொல்லுறீரோ?"

"நான் அப்பிடிச் சொல்லேல்லை."

"அப்ப எழுதும். செத்தவருக்கு இனி என்ன? அவர் வரப்போறாரோ?"

"அவற்றை மனிசி இருக்கிறா."

"உமக்கு எப்பவும் நீர்தான் சரியாயிருக்கவேணும்," என்றான் கரிகாலன். "மலையிலையும் அதுதான். இஞ்சையும் அதுதான்."

அது சரியான இடத்தில் பட்டது. மலையில் அந்த ஒரு கணத்தில் நினைத்ததை அவன் கண்டுவிட்டானோ? இல்லை, அதை அவள் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னது வலன்ரைனுக்குக் கொடுத்த பதிலைத்தான், திரும்பி வரும் வழியில், பெரியத்தான் காரை விட்டு இறங்கிய நேரத்தில், அழுதுகொண்டு, அவனுக்கு மட்டும்.

ஞானரட்ணம் கதிரையை இழுத்து அவளுக்கு எதிரே இருந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சரி. உண்மையைத்தான் எழுதோணுமெண்டா முழுக்க எழுதுவம். வலன்ரைன் உம்மட்டைக் கேட்டவர், போகலாமோ எண்டு. நீர் என்ன சொன்னனீர்?"

அவள் கரிகாலனைப் பார்த்தாள். அவன் அட்டைக் கட்டைத் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினான்.

"உங்கடை விருப்பம் எண்டு சொன்னனீர்," என்றார் ஞானரட்ணம். "குழி வெட்டிப் பாத்து, விழும் எண்டு தெரிஞ்சுகொண்டு, அந்த மனிசனை விட்டனீர். எனக்குத் தெரியாது, நான் மடையன், நம்பிப் போனனான். உமக்குத் தெரியும். இதை நான் ஜொந்தாமுக்குச் சொன்னா ஆரைப் பிடிப்பாங்கள்? மரியநாயகிக்குச் சொன்னா அவ ஆற்றை முகத்திலை துப்புவா?"

மேம்பாலத்தில் மெத்ரோ போனது. மேசையில் கிடந்த பேனா கொஞ்சம் உருண்டு படிவத்தின் விளிம்பில் வந்து நின்றது.

எழுதிவிடலாம். அவர் சொல்வதில் பொய் இல்லை. எழுதினால் அந்த மூன்று சொல்லும் இந்த அறைக்குள்ளேயே அடங்கிவிடும். வலன்ரைன் தானாகப் போனவர் ஆகிவிடுவார். தானாகப் போனவரிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்தப் பொய் பெரியத்தானை மட்டுமல்ல, அவளையும் காப்பாற்றும். அது தெரிந்தபோதுதான் மேசைக்குக் கீழே இருந்த கை மேலே வந்தது. அவள் பேனாவை எடுத்தாள்.

ஞானரட்ணம் மூச்சு விட்டார்.

கதவு மணி அடித்தது. மரியநாயகி முன்னதாகவே வந்துவிட்டாள்.

ஞானரட்ணம் எழும்பிய வேகத்தில், மாதிரிப் பிரதியை எடுத்துத் தட்டச்சுத் தாளின் மேல் வைத்து மூடினார். "வாரும், வாரும் மரியநாயகி. இரும். இப்பதான் உம்மடை அலுவல் பாத்துக்கொண்டிருந்தனாங்கள்."

மரியநாயகி இருக்கவில்லை. கறுப்புக் குளிரங்கியின் பொத்தானைக்கூடக் கழற்றாமல் குனிந்து படத்தைப் பார்த்தாள்.

"இந்தக் கோட் ஆற்றை?"

"அது நாங்கள் போட்டது. வடிவா இருக்கட்டும் எண்டு."

"அவரிட்டைக் கோட் இல்லை," என்றாள். "வெள்ளைச் சட்டையையே விடுங்கோ."

பிறகு நிமிர்ந்து சிவாஜினியைப் பார்த்தாள். செத்தவீட்டில் கட்டிப்பிடித்து அழுத பிறகு இப்போதுதான் நேரே பார்க்கிறாள்.

"தங்கச்சி, உம்மட்டை ஒண்டு கேக்கவேணும். அந்த மிசின் பாரமா இருக்கெண்டு அவர் வேண்டாமெண்டவராம். அண்ணை சொன்னார். எனக்கு அதைத்தான் விளங்கேல்லை. செவ்ரானிலை என்ரை தங்கச்சி வீட்டை போறதெண்டாலும் அந்த மனிசன் பின்சீற்றிலை இருக்கிற எங்கள் எல்லாற்றை பெல்ட்டையும் இழுத்துப் பாத்துத்தான் காரை எடுப்பார். பச்சை மனிசன் லைற் விழுகிற வரைக்கும் வெறும் றோட்டிலையும் நிப்பார். அவரே வேண்டாமெண்டவர்?"

அச்சு இயந்திரம் உள்பக்கத்து வலன்ரைனை ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தது.

"ஓம், அவர்தான் சொன்னவர்," என்றார் ஞானரட்ணம். "சிவாஜினியும் நிண்டவ. சொல்லும் சிவாஜினி. அவவுக்கு மனம் ஆறட்டும்."

அவர் பார்வை அவள் கையிலிருந்த பேனாவுக்குப் போய், திரும்ப அவள் முகத்துக்கு வந்தது. அவள் என்ன சொல்ல வேண்டும் என்பதும், சொல்லாவிட்டால் அவர் என்ன செய்வார் என்பதும் அந்தப் பார்வையிலேயே இருந்தன.

"அவர் வேண்டாமெண்டு சொல்லேல்லை, அக்கா," என்றாள் சிவாஜினி. "மூண்டுதான் இருந்தது. அவருக்கு ஒண்டும் குடுக்கேல்லை."

"சிவா," என்றான் கரிகாலன்.

"ஒண்டு என்ரை நெஞ்சிலை இருந்தது. நான் கழட்டிக் குடுத்திருக்கலாம். குடுக்கேல்லை. அந்தச் சரிவு விழும் எண்டும் எனக்குத் தெரியும். போகலாமோ எண்டு அவர் என்னட்டைக் கேட்டவர். நான் போகாதேங்கோ எண்டு சொல்லேல்லை. உங்கடை விருப்பம் எண்டு சொன்னனான்."

சொல்லி முடித்தபோது நெஞ்சு லேசாகும் என்று அவள் நினைத்திருந்தாள். ஆகவில்லை.

மரியநாயகி அழவில்லை. துப்பவும் இல்லை. நெடுநேரம் அவளைப் பார்த்தாள், கடையில் ஒரு பொருளை வாங்குவதா விடுவதா என்று பார்ப்பது போல.

"அவர் கேட்டவர்," என்றாள் கடைசியில். "கேட்டுப்போட்டுத்தான் போனவர்."

"ஓம் அக்கா."

"என்னை அக்கா எண்டு கூப்பிடாதையும்."

அவள் நினைவு மலரின் மாதிரியை மேசையிலிருந்து எடுத்து, மடிக்காமல், குளிரங்கிக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள். கதவு தானாக மூடி மணி அடித்தது. மேசையில் மறைந்திருந்த பதினொரு வரிகளும் திரும்ப வெளியே தெரிந்தன.

ஞானரட்ணம் திரும்பக் கதிரையில் இருந்தார். அவர் குரல் இப்போது கெஞ்சியது. அவள் அதை இதற்கு முன் கேட்டதில்லை.

"சரி. அவவுக்குச் சொன்னது சொன்னதாப் போகட்டும். துக்கத்திலை இருக்கிற மனிசி, அவ சொல்லுறதை ஆரும் எழுத்திலை கேக்கப்போறேல்லை. இது கோர்ட்டுக்குப் போற கடதாசி. இதை மட்டும் எழுதும், பிள்ளை. ஒரேயொரு தரம். பேந்து நான் உம்மட்டை ஒண்டும் கேக்கமாட்டன்."

கரிகாலன் வந்து அவள் தோளில் கை வைத்தான். அந்தக் கையில் காகிதத் தூள் ஒட்டியிருந்தது.

சிவாஜினி பேனாவின் மூடியைத் தேடி எடுத்து மூடினாள். அதை வெறுமையாகக் கிடந்த படிவத்தின் நடுவில் வைத்தாள்.

"நான் எழுதமாட்டன், பெரியத்தான்," என்றாள்.